'சால்ட் ஆஃப் த எர்த்' கடைசிக் காட்சி: தெருவில் போட்ட சாமான்களை யாராவது திரும்ப உள்ளே எடுத்து வைப்பார்களா?

லைன் வீட்டுப் பையன்

முந்தாநாள் இரவு இந்தப் படத்தை முதல் முறையாகப் பார்த்தேன். 1954இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். நியூ மெக்சிகோவில் ஒரு துத்தநாகச் சுரங்கம், அங்கே வேலைநிறுத்தம் செய்யும் மெக்சிக வம்சாவளித் தொழிலாளர்கள், அவர்களுடைய மனைவிமார். ஒன்றரை மணி நேரப் படத்தில் கடைசிப் பத்து நிமிடம் வரை நாற்காலியை விட்டு அசையவில்லை. அந்தப் பத்து நிமிடம் வந்ததும் நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்து மிச்சத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் இறங்கவில்லை.

பார்க்காதவர்களுக்காக முடிவைச் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் நீளும் வேலைநிறுத்தம். தொழிலாளர்கள் மறியல் செய்யக் கூடாது என்று நீதிமன்றத் தடை வந்ததும், தடை தொழிலாளர்களுக்குத்தானே என்று அவர்களுடைய மனைவிமார் மறியலுக்கு வந்து நிற்கிறார்கள். அடி வாங்குகிறார்கள், கைக்குழந்தையோடு சிறைக்குப் போகிறார்கள், விட்டதும் மறுபடி வந்து நிற்கிறார்கள். எதுவும் பலிக்காமல், நிர்வாகம் கடைசியில் ஒரு குடும்பத்தைக் கம்பெனி வீட்டிலிருந்து வெளியேற்ற ஷெரீஃபையும் ஆட்களையும் அனுப்புகிறது. ரமோன், எஸ்பெரான்சா தம்பதியின் வீடு. ஆட்கள் ஒவ்வொரு பொருளாக வெளியே கொண்டுவந்து போடுகிறார்கள். சேதி பரவி ஊரே திரள்கிறது. பெண்களும் பிள்ளைகளும் அந்தப் பொருட்களை எடுத்து மறுபடி வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். இவர்கள் வெளியே போடப்போட அவர்கள் உள்ளே வைக்கிறார்கள். மற்ற சுரங்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர, ஷெரீஃப் கூட்டத்தைப் பார்க்கிறார், தன் ஆட்களைப் பார்க்கிறார், திரும்பிப் போகிறார். தள்ளிக் காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் கம்பெனி அதிகாரி, இப்போதைக்கு இதை முடித்துக்கொள்ளலாம் என்கிறார்.

இதே காட்சியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பாதி வரைக்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா நூற்பாலையில் சைடர், நூற்பு எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி. பஞ்சப்படிக்காகத் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏழாவது மாதத்தில் இருந்தது. ஆண்கள் எல்லோரும் கேட் கூட்டத்துக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, காலை பதினொரு மணிக்கு நான்கு ஆட்களும் ஒரு போலீஸ்காரரும் வந்தார்கள். முதலில் வெளியே வந்தது இரும்புக் கட்டில். வாசலில் மாட்டிக்கொண்டது. காலைக் கழற்றிச் சாய்த்து எடுத்தார்கள். பிறகு அலமாரி, பாத்திரங்கள், பாய், என் புத்தகங்கள் இருந்த டிரங்குப் பெட்டி. கடைசியாக அம்மாவின் தையல் மெஷின். அந்த ஏழு மாதமும் எங்களைக் காப்பாற்றியது அதுதான். அதை ஓர் ஆளே தோளில் வைத்துத் தூக்கி வந்தார். இறக்கி வைத்தபோது மிதிகட்டை தானாக நாலு தடவை ஆடி நின்றது.

எதிர் வரிசையில் பதினான்கு வீடுகள். நான் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து அந்த வீடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு கதவுகளும் சாத்தியிருந்தன. ஒரு ஜன்னல் மட்டும் ஒரு சாண் திறந்து, உள்ளிருந்து ஒரு கை வந்து அதையும் இழுத்துச் சாத்தியது. அந்த வீட்டுப் பையன் என் வகுப்பு. அம்மா யாரையும் கூப்பிடவில்லை. யாரும் வரவில்லை. மாலையில் அப்பா வந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தள்ளுவண்டி கொண்டுவரப் போனார். அதற்குப் பதினோரு நாள் கழித்து நிர்வாகம் சொன்ன நிபந்தனைக்கே வேலைநிறுத்தம் முடிந்தது. அப்பாவை மட்டும் திரும்ப எடுக்கவில்லை.

ஆகவே என் கேள்வி இதுதான். இந்த முடிவு உண்மையில் நடந்ததா? அல்லது பார்ப்பவர்கள் மனம் நோகாமல் வீட்டுக்குப் போகட்டும் என்று எழுதிச் சேர்த்ததா? இரண்டாவதுதான் என்றால் அந்தப் பதினான்கு கதவுகளுக்குள் இருந்தவர்களை இந்தப் படம் அவமதிக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் ஆளுக்கொரு வீடு இருந்தது, அவ்வளவுதான். படம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடைசி வரிசை

உங்கள் பதிவைக் காலையில் படித்துவிட்டு, மாலைதான் எழுத உட்கார முடிந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

படத்தின் அடித்தளம் உண்மைக் கதை. நியூ மெக்சிகோவில் ஹானோவர் என்ற ஊரில் எம்பயர் ஜிங்க் நிறுவனத்தின் சுரங்கம். 1950 அக்டோபரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1952 ஜனவரி வரை, பதினைந்து மாதம் நடந்தது. சுரங்கத்துக்குள் இறங்குவது முதல் ஏறுவது வரையிலான முழு நேரத்துக்கும் கூலி வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. 1951 ஜூனில் நீதிமன்றத் தடை வந்தது. பெண்கள் மறியலை எடுத்துக்கொண்டது, குழந்தைகளோடு சிறைக்குப் போனது, எல்லாம் நடந்தவை.

ஆனால் உண்மைப் போராட்டம் இப்படி ஒரே பிற்பகலில் ஒரு வீட்டு வாசலில் முடியவில்லை. பேச்சுவார்த்தை நடந்து ஒப்பந்தம் கையெழுத்தானது. கூலி உயர்வு கிடைத்தது. சங்கத்துக்கு அபராதமும் தலைவர்களுக்குச் சிறையும் கிடைத்தன. பெண்கள் கேட்ட வெந்நீர்க் குழாய் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை, ஆனால் பிறகு கம்பெனி வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது. அந்த வகையில் பார்த்தால், ஆம், கடைசிக் காட்சி நாடகத்துக்காகக் குவித்து எழுதப்பட்டது.

யார் எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இயக்குநர் ஹெர்பர்ட் பிபர்மன், கம்யூனிஸ்ட் விசாரணையில் பதில் சொல்ல மறுத்துச் சிறை சென்ற ஹாலிவுட் பத்துப் பேரில் ஒருவர். திரைக்கதை மைக்கேல் வில்சன், தயாரிப்பு பால் ஜாரிகோ. மூவரையும் ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் வைத்திருந்தது. வில்சன் தன் திரைக்கதையை அந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் கொடுத்துப் படிக்க வைத்தார். அவர்கள் திருத்தங்கள் சொன்னார்கள். ரமோனுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு என்று இருந்த பகுதியை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். முடிவு தங்களை அவமதிக்கிறது என்று தோன்றியிருந்தால் அதையும் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று. அந்த வாசலில் சாமான் தூக்குகிறவர்களில் மிகப் பலர் நடிகர்களே அல்லர். ரமோனாக வரும் ஹுவான் சக்கோன் அந்தச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் 890ஆவது கிளைத் தலைவர். மறியலில் நின்ற பெண்கள்தான் படத்திலும் மறியலில் நிற்கிறார்கள். எஸ்பெரான்சாவாக நடித்த ரொசௌரா ரெவுல்டாஸ் மெக்சிகோவிலிருந்து வந்த தொழில்முறை நடிகை. 1953இல் படப்பிடிப்பு முடிவதற்குள் குடியேற்ற அதிகாரிகள் அவரைக் கைது செய்ய, அவர் நாடு திரும்ப வேண்டியதாயிற்று. மிச்சக் காட்சிகளுக்கு வேறொரு பெண்ணைத் தூரத்தில் நிறுத்தி எடுத்தார்கள். படம் முழுக்க நாம் கேட்கும் எஸ்பெரான்சாவின் கதை சொல்லும் குரல், மெக்சிகோவில் ரகசியமாகப் பதிவானது. படத்தின் கடைசி வார்த்தைகளும் அந்தக் குரலில்தான் வருகின்றன. தன் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது என்கிற பொருளில் பேசும் அந்தப் பெண், அதைப் பேசும்போது அந்த ஊருக்குள் கால் வைக்க முடியாதவராக இருந்தார். இதை அறிந்த பிறகு அந்த முடிவை என்னால் இனிப்பு என்று சொல்ல முடிவதில்லை.

---

லைன் வீட்டுப் பையன்

நன்றி ஐயா. அந்தக் குரலைப் பற்றிச் சொன்னது மனதில் தங்கிவிட்டது. நடிக்காதவர்களே நடித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. எந்தப் போராட்டம் எந்த மாதம் முடிந்தது என்பதைவிட எனக்கு முக்கியம் அந்தத் தெரு. ஒரு தெரு எப்போது கதவைத் திறக்கிறது? படத்தில் திறக்கிறது. ஏன்?

---

நிலைப்படி

நீங்கள் கேட்ட கேள்விக்குப் படத்திலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடைசிப் பத்து நிமிடத்தில் தேடாதீர்கள். கொடிக்கயிற்றில் தேடுங்கள்.

பெண்கள் மறியலுக்கும் சிறைக்கும் போன பிறகு ரமோன் வீட்டில் துணி துவைத்துக் காயப்போடுகிறானே, அந்தக் காட்சி. பக்கத்து வீட்டுக்காரரும் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறார். விறகு பிளந்து, வெந்நீர் வைத்து, துவைத்து, குழந்தையையும் பார்த்து இடுப்பு ஒடிந்த பிறகு இருவருக்கும் ஒன்று புரிகிறது. வெந்நீர்க் குழாய் முதல் நாளிலிருந்தே சங்கத்தின் கோரிக்கையாக இருந்திருக்க வேண்டும். படத்தின் முதல் காட்சியே கர்ப்பிணியான எஸ்பெரான்சா விறகோடும் வெந்நீரோடும் மல்லுக்கட்டுவதுதான். அவள் கேட்டபோது, முதலில் சுரங்கப் பாதுகாப்பு, உங்கள் விஷயம் பிறகு என்றவன் இதே ரமோன்தான்.

அடுத்து அந்த இரவுச் சண்டை. மறியலில் நிமிர்ந்து நின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறாள் எஸ்பெரான்சா. வெள்ளைக்கார முதலாளிகள் உன்னைக் கீழே வைத்தார்கள், உனக்குக் கீழே ஓர் ஆள் வேண்டும் என்று என்னை வைத்திருக்கிறாயா என்ற கருத்தில் கேட்கிறாள். அவன் அடிக்கக் கை ஓங்குகிறான். அவள் அசையவில்லை. இனி ஒருபோதும் அதைச் செய்யாதே என்கிறாள். மறுநாள் அவன் மற்ற ஆண்களோடு வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறான். மறியலையும் மனைவியையும் விட்டுவிட்டுப் போகிறான் என்று பொருள். போன இடத்தில் அவள் கேட்டது அவனை விடவில்லை. திரும்பி வருகிறான். அவன் திரும்பி வரும் நேரத்தில்தான் வாசலில் சாமான் கிடக்கிறது.

இப்போது கடைசிக் காட்சியை மறுபடி பாருங்கள். அவன் ஷெரீஃபின் ஆட்கள்மேல் பாய்வான் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவன் பாயவில்லை. எஸ்பெரான்சாவிடம் மெல்லப் பேசுகிறான். மறியலை உடைக்க முடியாது என்று தெரிந்ததால்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், இனி நாம் எல்லோரும் சேர்ந்து போராட முடியும் என்கிறான். தடை உத்தரவு மறியலுக்குத்தான். தன் வீட்டுச் சாமானைத் தன் வீட்டுக்குள் வைப்பதற்கு இல்லை. இந்தப் பெண்களை அடக்கி வை என்று ஷெரீஃப் அவனிடம் சொல்லும்போது, இப்போதெல்லாம் அவர்கள் ஆண்கள் பேச்சைக் கேட்பதில்லை என்று பதில் சொல்கிறான். சில நாள் முன்புவரை அதைச் சொல்ல அவனுக்கு அவமானமாக இருந்திருக்கும். கூட்டத்துக்கு நன்றி சொன்ன பிறகு, எல்லோரும் கேட்கத் தன் மனைவிக்கும் நன்றி சொல்கிறான்.

சாமான் உள்ளே போனது அன்றைக்கு நடந்த அதிசயம் இல்லை. அந்தப் பெண்கள் பல மாதம் வெயிலில் ஒன்றாக நடந்திருக்கிறார்கள், ஒரே அறையில் அடைபட்டிருக்கிறார்கள். ஒருத்தியின் கைக்குழந்தைக்குப் பால் வேண்டும் என்று அத்தனை பேரும் கத்திக் காவலர்களைத் திணறடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருத்தியின் கட்டில் தெருவில் கிடந்தால் அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் தெருவில் பெண்கள் அந்த ஏழு மாதம் எங்கே இருந்தார்கள்? குறையாகக் கேட்கவில்லை. உங்கள் அம்மா தையல் மெஷினில் இருந்தார். மற்றவர்கள்?

---

பழைய செயலாளர்

ஒரு பஞ்சாலைத் தொழிற்சங்கத்தில் 22 ஆண்டு கிளைச் செயலாளராக இருந்தவன் நான். மூன்று ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதிவு எழுதியவரின் தந்தை வேலை செய்த ஆலையா என்று கேட்கப் போவதில்லை. அவரும் சொல்ல வேண்டாம். எல்லா ஆலையிலும் ஒரு தள்ளுவண்டி இருந்திருக்கிறது.

இந்தப் படத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. 1954 மார்ச்சில் நியூயார்க்கில் வெளியானபோது, படச்சுருளை ஓட்ட வேண்டிய திரையரங்கத் தொழிலாளர்களின் சங்கமே ஓட்ட மறுத்தது. நாடு முழுவதும் பத்துப் பன்னிரண்டு திரையரங்குகளுக்கு மேல் கிடைக்கவில்லை. ஒரு சங்கத்தைப் பற்றிய படத்தை இன்னொரு சங்கத்தைக் கொண்டே முடக்கினார்கள். பிறகு 1992இல் அமெரிக்காவே பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்துக்கொண்டது. இத்தனையும் தெரிந்தேதான் சொல்கிறேன், முடிவை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

காரணம், படம் ஒரு நாள் முன்னதாக முடிந்துவிடுகிறது. மறுநாள் காலை இல்லை. காரில் இருக்கும் அந்த அதிகாரி, இப்போதைக்கு முடித்துக்கொள்ளலாம் என்கிறாரே, படத்திலேயே மிக உண்மையான சொல் அந்த 'இப்போதைக்கு'தான். அதை எதிராளியின் வாயில் வைத்தார்கள் என்பதற்காக அதை நாம் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. ஒப்பந்தம் என்றாலே இப்போதைக்குத்தான். நான் போட்ட மூன்று கையெழுத்துக்கும் காலக்கெடு இருந்தது. கெடு முடிகிற நாளுக்காக நிர்வாகம் முதல் நாளிலிருந்தே தயாராகும். நாங்கள் பட்டாசு வெடித்துவிட்டுத் தூங்கப் போவோம்.

படத்தில் வரும் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் கதையையே பாருங்கள். கம்யூனிஸ்ட் சார்பு என்று 1950லேயே தாய்க் கூட்டமைப்பு அதை வெளியேற்றியிருந்தது. படத்தில் சங்க அமைப்பாளராகத் தன் சொந்த வாழ்க்கையையே நடித்த கிளிண்டன் ஜெங்க்ஸ் மீது, தான் கம்யூனிஸ்ட் இல்லை என்று பொய் உறுதிமொழி கொடுத்தார் என வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். 1957இல் உச்ச நீதிமன்றம்தான் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. 1967இல் அந்தச் சங்கம் எஃகுத் தொழிலாளர் சங்கத்தோடு கலந்துவிட்டது. அந்த வாசலுக்குப் பிறகு இத்தனையும் நடந்தது.

எனக்கு நெருக்கமான முடிவு வேறொன்று. மரியோ மொனிசெல்லி 1963இல் எடுத்த 'தி ஆர்கனைசர்' என்ற இத்தாலியப் படம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டூரின் நகரத்து நெசவாலை. பதினான்கு மணி நேர வேலையைப் பதின்மூன்றாகக் குறைக்கக் கேட்கிறார்கள். ஒரே ஒரு மணி நேரம். ஓமெரோ என்ற சிறுவன் ஆலையில் வேலை செய்கிறான். தம்பியாவது படிக்க வேண்டும் என்று அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அடித்து விரட்டுகிறவன். ஊர்வலத்தில் ராணுவம் சுடுகிறது, ஓமெரோ சாகிறான். வேலைநிறுத்தம் தோற்றுத் தொழிலாளர்கள் ஆலைக்குத் திரும்புகிறார்கள். அந்த வரிசையில் அண்ணன் இடத்துக்குத் தம்பி உள்ளே போகிறான். அவ்வளவுதான் படம். அதைப் பார்த்த நாளில் நான் யாரோடும் பேசவில்லை. எங்கள் ஆலையிலும் தகப்பன் இடத்துக்கு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். நானே எழுதிக் கொடுத்து இரண்டு பேரைச் சேர்த்துவிட்டிருக்கிறேன். உதவி என்று நினைத்துத்தான் செய்தேன்.

ஆனால் நிலைப்படி அம்மா கேட்டிருக்கிற கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அது என்னைப் போன்றவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. அந்த மாதங்களில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? எங்கள் சங்கத்தில் அவர்களைக் கேட் கூட்டத்துக்கு நாங்கள் கூப்பிட்டதே இல்லை. உண்டியல் வசூலுக்கு வீடு வீடாகப் போகும்போது மட்டும் அவர்கள் முகத்தைப் பார்ப்போம். வேலைநிறுத்தம் ஏன், எத்தனை நாள், பேச்சுவார்த்தையில் நிர்வாகம் என்ன சொன்னது என்று ஒரு பெண்ணிடம்கூட நான் விளக்கியதில்லை. வீட்டில் ஆண்கள் சொல்லிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டோம். ஆண்களும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் காலை பதினொரு மணிக்குப் போலீஸ்காரர் வந்து நிற்கும்போது, அந்தப் பெண்கள் எதை நம்பிக் கதவைத் திறப்பார்கள்? பதினான்கு கதவுகளைச் சாத்தியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. இதை எழுத எனக்கு எழுபத்தொரு வயது ஆகவேண்டியிருந்தது.

---

கடைசி வரிசை

'தி ஆர்கனைசர்' முடிவு எனக்கும் மிகப் பிடிக்கும் ஐயா. ஐசன்ஸ்டைனின் 'ஸ்டிரைக்' படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 1925. தொழிலாளர்களைச் சுட்டுத் தள்ளுவதையும் மாடு அறுபடுவதையும் மாற்றி மாற்றிக் காட்டி முடிப்பார். ஆனால் தோல்வியில் முடிந்தால்தான் உண்மை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹானோவரில் அவர்கள் உண்மையாகவே தோற்கவில்லை. வென்றவர்கள் தங்கள் வெற்றியை நடித்துக் காட்டினால் அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது?

---

பழைய செயலாளர்

பொய் என்று நான் சொல்லவில்லை தம்பி. மறுநாள் காலையையும் காட்டியிருக்கலாம் என்கிறேன். அவ்வளவுதான்.

---

லைன் வீட்டுப் பையன்

ஆறு நாள் கழித்து வருகிறேன். எல்லோருடைய பதிலையும் பல முறை படித்தேன். பழைய செயலாளர் ஐயா, நீங்கள் எழுதிய கடைசிப் பத்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்களுக்குக் கோபம் இல்லையே என்று கேட்கச் சொன்னார்கள். எதற்குக் கோபம் என்று எனக்குப் புரியவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்கார வைத்துப் படத்தைப் போட்டேன். எழுபத்தாறு வயது. கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது, துணைவரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் காட்சியில் எஸ்பெரான்சா விறகு பிளப்பதைப் பார்த்ததும், மாசமாக இருப்பவளை இப்படி விட்டுவிட்டு அவன் எங்கே போனான் என்றார்கள். வேலைக்கு என்றேன். கை ஓங்கும் காட்சியில் நான் பாதியில் நிறுத்தி, வேண்டாமா என்று கேட்டேன். போடு என்றார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. நிலைப்படி அம்மா, அந்த இடத்தில் என் அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஷெரீஃபின் ஆட்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், அம்மா கேட்காமலே நான் படத்தை நிறுத்தினேன். இத்தனை ஆண்டுகளில் அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு முறைகூடப் பேசியதில்லை. அந்தப் பதினான்கு கதவுகளைப் பற்றி முதல் முறையாகக் கேட்டேன். ஏன் ஒருவர்கூட வரவில்லை, நீங்கள் ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன் அப்பாவுக்கு முதல் நாளே தெரியும். சங்க ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ராத்திரி சாப்பிட்டதும் எதிர் வரிசைக்குப் போனார். பதினான்கு வீட்டிலும் கதவைத் தட்டினார். நாளைக்கு என் வீட்டுக்கு ஆள் வருவார்கள், நீங்கள் யாரும் வெளியே வர வேண்டாம், வந்தால் அடுத்த நாள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள், பிள்ளைகளை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து படுத்தார். என்னிடமும் சொன்னார், யாரையும் கூப்பிடாதே என்று. நான் சரி என்றேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஜன்னலை இழுத்துச் சாத்திய கையை இத்தனை வருடமும் நான் வெறுத்திருக்கிறேன். அந்த வீட்டுப் பையன் அதற்குப் பிறகு எத்தனையோ முறை எதிரே வந்தும் நான் முகம் கொடுத்ததில்லை. அந்தக் கதவுகள் அப்பா கேட்டுக்கொண்டதால் சாத்தியிருந்தன.

ரமோனும் அப்பாவைப் போலத்தான். தன்னால் மற்றவர்களுக்குக் கேடு வரக் கூடாது என்று நினைக்கிற ஆள். ஆனால் அவனுக்கு ஒரு மனைவி எதிரே நின்று கேள்வி கேட்டாள். அம்மா சரி என்றார்கள். அவர்களுக்குச் சரி என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல யாரும் வழி வைத்திருக்கவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்களா என்று கேட்டேன். அம்மா வெகு நேரம் யோசித்தார்கள். மூன்றாவது வீட்டுக்காரி நிச்சயம் வந்திருப்பாள், ஐந்தாவது வீட்டில் மாமியார் விட்டிருக்க மாட்டாள், கடைசி வீட்டுக்காரி வாய் பேசுவாள், கை கொடுக்க மாட்டாள் என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். ஒன்பது பேர் தேறினார்கள். ஒன்பது பேர் என்றார்கள் மறுபடியும், விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டு.

பிறகு, போடு என்றார்கள். போட்டேன். ஆட்கள் வெளியே கொண்டுவந்து போட, பெண்கள் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு உள்ளே போகத் தொடங்கினார்கள். அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்கள். கை தானாகத் திரையைக் காட்டியது. "சின்னதை எல்லாம் பிள்ளைகளிடம் கொடுங்கள், நீங்கள் கட்டிலைப் பிடியுங்கள்" என்று சத்தமாகச் சொன்னார்கள். "வாசலில் மாட்டும், காலைக் கழற்றிக்கொள்ளுங்கள்."